சில்லையின் நெஞ்சில் வந்த அரிசி

மனுசர் பேசுவது குருவிக்கும், குருவி பேசுவது மனுசருக்கும் விளங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது தானியம் தின்கிற சின்னக் குருவிகளுக்கெல்லாம் ஒரே நிறம்தான். ஈரமண்ணைப் பிசைந்து உருட்டி வைத்த மாதிரி ஒரு பழுப்பு. சிட்டுக்குருவியும் அப்படித்தான், தூக்கணாங்குருவியும் அப்படித்தான், சில்லையும் அப்படித்தான். அவற்றுக்குள்ளே ஒன்றை ஒன்று அடையாளம் தெரியும். மனுசருக்குத்தான் தெரியாது. "குருவி வந்துருச்சு" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள், கவணை எடுப்பார்கள், கல் பறக்கும். எந்தக் குருவி என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு ஓடைக்கரையில் சில வீடுகள் இருந்தன. காட்டைத் திருத்தி நெல் போடப் பழகியிருந்த சனங்கள். அங்கே செம்பாயி என்று ஒருத்தி, மலையன் என்பவனின் பெண்சாதி. கை சுத்தம், வாய் சுத்தம். விடிந்ததும் வீட்டு மூலையில் களிமண்ணில் பிடித்து வைத்திருந்த அம்மனுக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

அதற்கு முந்தின வருசம் வானம் ஏமாற்றிவிட்டது. வயலில் பாதி கதிர் பாலிலேயே காய்ந்தது. அறுத்ததில் தேறின நல்ல மணியை விதைக்கு என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியாக எடுத்தார்கள். எடுத்ததைச் செம்பாயியிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"இத நீயே வச்சிரு செம்பாயி" என்றாள் பக்கத்து வீட்டு மாடத்தி. "எங்க வீட்ல இருந்தா ஒரு நா இல்லாட்டி ஒரு நா பசி இதப் பாத்துரும்."

எல்லா வீட்டு விதைநெல்லும் சேர்ந்து ஒரு பெரிய பானைக்குத்தான் வந்தது. ஊரின் அடுத்த வருசம் முழுவதும் அந்த ஒரு பானைக்குள்ளே. செம்பாயி அதன் வாயைச் சாணியால் மெழுகி மூடி, அம்மன் காலடியில் வைத்தாள். கோடையில் கிழங்கும் கீரையுமாக நாள் ஓடியது. அவள் பிள்ளைகளே பசித்து அழுத நாள் உண்டு. அப்போதும் அவள் அந்தப் பானைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் மழை வந்தது. மண் பதமாக நனைந்தது. சனங்களுக்கு முகத்தில் சிரிப்பு வந்தது. விதைக்கிறதுக்கு முந்தி விதைநெல்லுக்கு ஒரு வெயில் காட்ட வேண்டும். செம்பாயி பானையின் மெழுகை உடைத்து, நெல்லை முற்றத்தில் ஒரு பாயில் பரப்பினாள். பக்கத்திலேயே இன்னொரு பாயில் வேறு நெல் காய்ந்துகொண்டிருந்தது. அது அவித்த நெல். ஊரில் படையலுக்கென்று தொடாமல் வைத்திருந்த தின்கிற நெல்லையெல்லாம் சேர்த்து, மழை தந்த அம்மனுக்குச் சோறு ஆக்கிப் படைக்க அவித்துக் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்த பிறகு இரண்டையும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்து உற்றுப் பார்க்க வேண்டும்.

உற்றுப் பார்க்க நேரம் எங்கே இருந்தது? மத்தியானம் திடீரென்று மேகம் திரண்டு சடசடவென்று தூறல் விழுந்தது. "ஐயோ, நெல்லு!" என்று செம்பாயி அலறினாள். மலையன் ஒரு பாயைச் சுருட்டினான். அவன் தம்பி கருத்தமுத்து இன்னொன்றைச் சுருட்டினான். பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரண்டு கூடையும் இருட்டுக் கட்டின வீட்டுக்குள் ஒரு மூலையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. நனையாமல் தப்பிச்சதே, அம்மன் புண்ணியம் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

மறுநாள் செம்பாயி ஒரு கூடை நெல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, வைக்கோலில் பொதிந்து, மேலே கல் வைத்து முளைகட்டப் போட்டாள். இன்னொரு கூடையைப் பெண்கள் எல்லோரும் கூடிக் குத்தினார்கள். அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தது. நொய்யும் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. தூறல் பட்டிருக்கும், அதுதான் உடைகிறது என்று செம்பாயி நினைத்துக்கொண்டாள்.

அம்மனுக்குப் படைத்துவிட்டு ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. கருத்தமுத்து இலையை வழித்துக்கொண்டே சொன்னான், "மதினி, இப்படி ஒரு சோறு நான் பிறந்ததுல இருந்து தின்னதில்ல. இன்னும் ஒரு கை வையி."

செம்பாயி சிரித்துக்கொண்டே வைத்தாள்.

முளை பார்க்கிற நாள் வந்தது. நல்ல விதை என்றால், வைக்கோலைப் பிரித்ததும் ஒரு கதகதப்பு முகத்தில் அடிக்கும். உள்ளே மணிக்கு மணி பால்பல் மாதிரி வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். செம்பாயி பிரித்தாள். கதகதப்பு இல்லை. புளித்த நாற்றம் வந்தது. ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். மெழுகு மாதிரி நசுங்கியது.

அவித்த நெல் எங்கேயாவது முளைக்குமா?

அந்த வெள்ளை அரிசியும், உடைந்த நொய்யும், "இன்னும் ஒரு கை வையி" என்ற சத்தமும் வரிசையாக அவள் மனசில் வந்து நின்றன. அவள் அப்படியே ஈர வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஒளிக்கிற குணம் அவளுக்குக் கிடையாது. எழுந்து போய் ஊரைக் கூப்பிட்டாள். "வெதநெல்லக் குத்தி ஆக்கிப் போட்டுட்டேன். அவிச்ச நெல்ல முளைகட்டிட்டேன்" என்று நின்று சொன்னாள்.

முதலில் கருத்தமுத்துதான் பேசினான். "அப்ப நான் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னது வெதையா, மதினி?"

"ஆமா."

"அதான பாத்தேன், அம்புட்டு ருசி" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாடத்தி வந்து செம்பாயியின் தோளைப் பிடித்தாள். "அவ மட்டுமா தின்னா? நம்ம எல்லாருந்தான தின்னோம். ஆளாளுக்கு அவளப் பாக்காதீங்க."

மலையன் தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்த ஈரம் காயுறதுக்குள்ள வெத விழணும். விழலேன்னா இந்த மண்ண விட்டுட்டு எங்கயாச்சும் நடக்க வேண்டியதுதான்" என்றான். எங்கே நடப்பது? பக்கத்தில் ஊர் என்று ஒன்றும் கிடையாது. திருத்தின நிலம் மறுபடி காடாகப் போகும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிழங்கு தோண்டிக்கொண்டு அலைய வேண்டும்.

செம்பாயிக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைக்கு வந்து எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். "தாயே, உன் காலடியில வச்ச பொருள நானே தப்பா எடுத்துட்டேன். என்ன வேணும்னாலும் பண்ணு. ஆனா இந்தச் சனத்த நடக்கவிடாத."

"கல்லெறியுற கையில்ல இது? கும்பிடக்கூடத் தெரியுமா?" என்று ஒரு குரல் கேட்டது.

செம்பாயி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். முள்ளுக்கு நடுவில் ஒரு பழுப்புக் குருவி. சின்ன உடம்புக்குக் கொஞ்சம் பெரிசாகக் கெட்டியான அலகு. அந்த அலகில் ஒரு நெல்மணியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தது. உமி தனியாகக் கீழே விழுந்தது, அரிசி உள்ளே போனது. மற்றக் குருவி மாதிரி அவசர அவசரமாகக் கொத்தாமல், நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைக்கிற நிதானம் அதற்கு இருந்தது.

நெல்மணி! செம்பாயி ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"ஏ குருவி, அது உனக்கு ஏது?"

"ஏது என்ன ஏது? என் வீட்டுல இருக்கு" என்றது குருவி.

அப்போதுதான் செம்பாயி பார்த்தாள். செடிக்குள்ளே புல்லைச் சுற்றிச் சுற்றிப் பந்து மாதிரி ஒரு கூடு. வாசல் மேலே இல்லை, பக்கவாட்டில் இருந்தது. வாசலில் இருந்து ஒரு காய்ந்த நெற்கதிர் தலையை நீட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. சிட்டுக்குருவி கூட்டில் கந்தலும் மயிரும் இருக்கும். தூக்கணாங்குருவி வெறும் நாரால் பின்னும். கதிரை எடுத்து உள்ளே மெத்தை போடுகிற குருவி ஒன்று உண்டு, அதுதான் சில்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போன அறுப்புல எடுத்தியா?"

"எடுத்தேன். உன் புருசன் எறிஞ்ச கல்லு காதுக்குப் பக்கத்துல போச்சு. இருந்தாலும் எடுத்தேன். குஞ்சுக்கு மெத்தையும் ஆச்சு. மழையில வெளிய போக முடியாத அன்னிக்குக் கொறிக்கவும் ஆச்சு. எங்க கூட்டத்துல எல்லாக் கூட்டிலும் இருக்கு. என்னா, அதுக்கும் சேத்து இப்ப எறியப் போறியா?"

செம்பாயிக்குக் கோபம் வரவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டாள். "தாயி, நான் எறிய வரல. கேக்க வந்தேன்" என்று சொல்லி, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

குருவி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டது. "சரியான சனம் போ! எங்க இனத்துல எவளும் வெதைக்கும் சோத்துக்கும் வித்தியாசம் தெரியாம முழிச்சதில்ல" என்று சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன.

"நான் மெத்தையப் பிரிச்சா இதுகளுக்குக் குளிரும். மழை இன்னும் விடல. கொறிக்கவும் ஒண்ணும் இருக்காது. நீயும் பெத்தவதான? நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

செம்பாயி தன் பிள்ளைகளை நினைத்தாள். அதன் பிள்ளைகளையும் பார்த்தாள். கொடு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த நேரத்தில் கருத்தமுத்து நீளமான தொரட்டிக் கம்போடு வந்து நின்றான். பேசினது அவன் காதில் விழுந்திருக்கிறது. "என்ன மதினி கேட்டுக்கிட்டு நிக்கிற? நம்ம வயல்ல திருடினதுதான? தட்டினா மொத்தமும் கீழ விழுந்துட்டுப் போகுது."

செம்பாயி செடிக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றாள். எலுமிச்சை முள் முதுகில் கீறியது. "தம்பி, கம்பக் கீழ போடு. உன் பெண்சாதி பிள்ளை பெத்துப் படுத்திருக்கப்ப ஒருத்தன் வந்து கூரையப் பிரிச்சா நீ சும்மா இருப்பியா?"

"நம்ம ஊரே போகப் போகுது மதினி!"

"போனா போவோம். இன்னொருத்தி வீட்ட இடிச்சு எடுத்த வெத எனக்கு வேணாம். அது முளைச்சாலும் என் பிள்ளைக்கு நான் ஊட்ட மாட்டேன்."

கருத்தமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். கம்பைக் கீழே போட்டுவிட்டான்.

குருவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. மெல்லக் கூட்டுக்குள் போனது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கதிரை அலகால் கவ்வி, கால் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தது. கதிர் வந்தது. அதைக் கொண்டுவந்து செம்பாயியின் கையில் போட்டது.

"என் குஞ்சு நனையக் கூடாது" என்றது.

"நனைய விடமாட்டேன் தாயி."

செம்பாயி ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, தன் முந்தானையில் ஒரு முழம் கிழித்து அதில் வைத்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அள்ளிக் கிடத்தி, வீட்டுக்குள் அம்மன் பக்கத்திலேயே வைத்தாள். தாய்க்குருவி ஓடைப் பக்கம் பறந்துபோய்த் தன் கூட்டத்தைக் கூப்பிட்டது. அது அங்கே என்ன பேசினதோ, எப்படிச் சம்மதிக்க வைத்ததோ, நமக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மாடத்தி கத்தினாள்: "ஏ, வெளிய வந்து பாருங்க!"

ஓடைக்கரை முள்ளுக்காட்டில் இருந்து சின்னச் சின்னப் பழுப்புக் குருவிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கதிர். தன்னைவிட நீளமான கதிர், வால் மாதிரிப் பின்னால் இழுபட, காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு பறந்து வந்தன. முற்றத்தில் போட்டுவிட்டு மறுபடி போயின. மலையன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். கருத்தமுத்து குனிந்து, உதிர்ந்த மணிகளை மண்ணில் இருந்து பொறுக்கிக்கொண்டே அழுதான்.

உருவிப் பார்த்தால் ஒரு சின்ன நாற்றங்காலுக்குப் போதுமான விதை இருந்தது. மறுபடி முளைகட்டி, வைக்கோலைப் பிரித்த அன்றைக்குக் கதகதப்பு முகத்தில் அடித்தது. வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. செம்பாயி அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்து, சிரட்டையில் இருந்த குஞ்சுகளையும் கும்பிட்டாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் பிள்ளைகள் புல்விதை பறித்து வந்து சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தாய்க்குருவியும் அதன் துணையும் வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. சனங்கள் கிழங்கு தின்று பொறுத்துக்கொண்டார்கள். பயிர் சூல்கட்டிக் கதிர் வாங்கியது.

கதிர் முற்றுகிற நேரத்தில் எல்லாக் குருவிகளும் வயலுக்கு வந்தன. வராமல் இருக்குமா? காவலுக்கு இருந்த மலையன் பழக்கத்தில் கவணைச் சுழற்றினான். கல் போய் ஒரு குருவியின் இறக்கையில் பட்டது. அது தாய்க்குருவியின் துணை.

தாய்க்குருவி நேரே வந்து வரப்பில் உட்கார்ந்தது. திட்டவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"தாயி, வேணும்னு எறியல. எல்லாம் ஒரே மண்ணு நிறம். நீங்க யாரு, மத்தது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் உங்க ஆளுக எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது" என்றது குருவி. "ஆனா நான் யார் மேலயும் கல்லு எறியலயே."

செம்பாயி ஓடிவந்து அடிபட்ட குருவியை எடுத்து, மஞ்சள் பற்றுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள். "இனிமே இப்படி நடக்கக் கூடாது. உன்னப் பார்த்ததும் என் பேரப்பிள்ளைக்கும் அதுக பிள்ளைக்கும் தெரியணும், இது நம்ம தாயின்னு" என்றாள்.

அறுப்பின் முதல் பிடி நெல்லைக் குத்தி, அரிசியை ஊறவைத்து, நைசாக அரைத்துக் கரைத்துக் கொண்டுவந்தாள். குருவிகளைக் கூப்பிட்டாள். சிட்டுக்குருவிக்குப் பொறுமை இல்லை, வந்த வேகத்தில் பறந்துவிட்டது. ஆண் தூக்கணாங்குருவி, மாவுக்கிண்ணம் என்று நினைத்து, பற்றுப் போட வைத்திருந்த மஞ்சள் கிண்ணத்துக்குள் தலையை விட்டுவிட்டது. அது தனிக் கதை. சில்லைகள் மட்டும் வேலிமேல் வரிசையாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

விரலால் வைத்தால் பொட்டு பெரிசாக விழும். செம்பாயி ஒரு நெல்மணியை எடுத்தாள். அதை மாவில் தோய்த்துத் தாய்க்குருவியின் நெஞ்சில் ஒற்றினாள். பழுப்பு நடுவில் வெள்ளையாக ஒரு அரிசி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. சுற்றிப் பழுப்புக் கோடு விட்டு விட்டு, நெஞ்சில் இருந்து வயிறுவரைக்கும் வைத்துக்கொண்டே போனாள். அவள் உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

"என்ன முணுமுணுக்கிற?" என்று குருவி கேட்டது.

"ஒவ்வொரு மணிக்கும் உனக்கு ஒரு கும்பிடு போடுறேன்."

குருவிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "போதும் போதும், குளிருது" என்றது. பிறகு, "என் பிள்ளைகளுக்கும் வையி" என்றது.

முதல் குஞ்சுகள் வளர்ந்து பறந்த பிறகு புதிதாகப் பொரித்திருந்த குஞ்சுகளைச் செம்பாயி தொட்டுப் பார்த்தாள். பூ மாதிரி இறகு, மாவு நிற்கவில்லை. "இப்ப வேணாம் தாயி. நீ ஊட்டி அதுக திங்கிறவரைக்கும் சும்மா இருக்கட்டும். தானா இரை தேடித் தின்ன ஆரம்பிச்சா, உன்கிட்ட இருந்து தானா வரும்" என்றாள்.

தாய்க்கு அது சரியென்று பட்டது.

மலையன் ஒரு வேலை செய்தான். யாரும் சொல்லவில்லை. வயலில் முதன்முதலில் அறுத்த கதிர்களில் நல்லதாகப் பார்த்து ஒரு கொத்து எடுத்தான். அதை வீட்டுக்குள்ளே கொண்டுபோகாமல், வாசல் நிலைக்கு மேலே கதிர் கீழே பார்க்கத் தொங்கவிட்டுக் கட்டினான். கவணை எடுத்து ஓடையில் எறிந்தான். அதைப் பார்த்து மாடத்தி வீட்டிலும் கட்டினார்கள். கருத்தமுத்து, எல்லோரையும்விடப் பெரிய கொத்தாகக் கட்டினான்.

இன்றைக்கு உங்கள் கொல்லை எலுமிச்சைச் செடியிலோ, வேலி முள்ளிலோ, புல்லால் உருட்டின பந்துக் கூடு ஒன்று இருந்தால் நின்று பாருங்கள். கூட்டமாகத்தான் வரும். கெட்டி அலகு, மெல்லிசான குரல், பழுப்பு முதுகு. கூட வரும் இளசுக்கு நெஞ்சு வெறும் பழுப்பாக இருக்கும். பெரிசு திரும்பும்போது நெஞ்சு தெரியும், அப்போது கையில் கல் இருந்தால் நழுவிவிடும். அந்த ஓடைக்கரை அறுப்புக்குப் பிறகுதான் சில்லையின் நெஞ்சில் அரிசி வந்தது. வீட்டுக்கு வரும் புதுநெல்லில் முதல் கொத்து, நாம் ஒரு வாய் வைக்குமுன் வாசலில் அதற்காகத் தொங்குவதும் அதற்குப் பிறகுதான்.